கற்பவளத்தின் குலமுறை

நவமணிகளுள் ஒன்றாகிய பவளத்தை அறியாதார் தமிழ்நாட்டில் இலர். துகிர் என்னும் பெயரால் சங்க நூல்கள் அதனைக் குறிக்கின்றன. காவிரிப்பூம்பட்டினத்தின் வீதிகளில் வந்து குவிந்த பண்டங்களுள் ஒன்றாகப் பட்டினப்பாலை அதனை எண்ணுகிறது. ஆயினும் மாலையிலும் மோதிரத்திலும் பதிக்கப்பெறும் செம்பவளம் வேறு. கடலடியில் பாறையாகப் படர்ந்து, தீவுகளையே தன் மேல் தாங்கி நிற்கும் கற்பவளம் வேறு. யாழ்ப்பாணத்தார் முருகைக்கல் என்று வழங்குவது இந்த இரண்டாவது பொருளையே. செம்பவளத்தை ஆக்கும் உயிருக்கு எட்டு உணர்நீட்சிகள் உண்டு. கற்பவளத்தை ஆக்கும் உயிருக்கோ அவை பெரும்பாலும் ஆறின் மடங்குகளாக அமைந்திருக்கும். இரண்டும் தொலைவான உறவினவே. நாம் ஈண்டு ஆராயப் புகுவது கற்பவளத்தின் குலமுறையை; அதனை மனிதர் எவ்வாறு வகுத்தனர், எங்கெங்கே தவறினர், எவ்வாறு திருத்திக்கொண்டனர் என்னும் வரலாற்றை.

கற்பவளத்தின் ஒவ்வோர் அலகும் ஒரு சிறு விலங்கு. அடி மூடிய குழாய் போன்ற உடல், மேலே ஒரு வாய், வாயைச் சுற்றி வட்டமாக உணர்நீட்சிகள்: இவ்வளவே அதன் அமைப்பு. இதனைப் பாலிப்பு என்பர் விலங்கியலார். மக்கள் வழக்கில் பவளப் பூச்சி என்று சொல்வதுண்டு. எனினும் இது பூச்சியன்று, கடற்சாமந்தியின் சுற்றத்தைச் சேர்ந்தது. கடல் நீரிலுள்ள சுண்ணாம்பைப் பிரித்தெடுத்துத் தன் அடியிலும் பக்கங்களிலும் கல்லாகப் படிய வைத்து, ஒரு கிண்ணத்தைக் கட்டிக்கொண்டு அதனுள் வாழ்வது இதன் இயல்பு. அக்கிண்ணத்தின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல, மெல்லிய கல் தகடுகள் அமைந்திருக்கும். பாறை கட்டும் இனங்களின் தசைக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியால் உணவு சமைத்து, தம்மைத் தாங்கும் உயிருக்கும் ஊட்டுகின்றன.

பாலிப்புகளின் அளவு இனத்துக்கு இனம் பெரிதும் வேறுபடும். மான் கொம்பு போலக் கிளைக்கும் அக்ரொபோராவின் பாலிப்பு ஓரிரு மில்லிமீட்டர் அகலமே உடையது. காளான் குடையின் அடிப்புறத்தைத் திருப்பி வைத்தாற் போன்ற ஃபங்கியாவிலோ ஒரே பாலிப்பு ஒரு சாண் அகலம் பரவும். யூஃபில்லியா, லோபோஃபில்லியா, டிராக்கிஃபில்லியா, கோனியோபோரா முதலியவையும் சதைப்பற்று மிக்க பெரிய பாலிப்புகளை உடையவையே. கடல் நீர்த் தொட்டிகளில் பவளம் வளர்ப்போர் இவற்றையெல்லாம் பெரிய பாலிப்புடைய கற்பவளங்கள் என்று ஒரு கூட்டமாகவும், அக்ரொபோரா போன்றவற்றைச் சிறிய பாலிப்புடையவை என்று மற்றொரு கூட்டமாகவும் பிரித்துக் கூறுவர். வளர்ப்போருக்கு இப்பாகுபாடு பயன் தருவதே. முன்னவை பொதுவாக அமைதியான நீரையும் மட்டான ஒளியையும் விரும்பும். ஊட்டினால் இரையையும் ஏற்கும். பின்னவை மிகுந்த ஒளியையும் விரைந்த நீரோட்டத்தையும் வேண்டும். ஆயின் உருவத்தால் ஒத்த இவை உறவாலும் ஒத்தவைதாமா? இவ்வொரு வினாவுக்கு விடை காண அறிவுலகம் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது.

முதலில் தீர வேண்டியிருந்தது இதனினும் அடிப்படையான ஓர் ஐயம். பவளம் கல்லா, செடியா, விலங்கா என்பதே அது. மெடூசா என்னும் அரக்கியின் தலை பட்டுக் கடற்பாசி கல்லாக மாறியது என்று ரோமானியக் கவிஞர் ஓவிட் கதை கூறினார். நீருக்குள் செடியாக இருப்பது காற்றுப் பட்டதும் இறுகிக் கல்லாகிறது என்று பழைய இயற்கை நூலார் எழுதினர். 1706-ஆம் ஆண்டில், இத்தாலியப் பிரபுவாகிய மார்சிலி என்பவர் பிரான்சின் தென்கரையில் செம்பவளத்தைக் கடல் நீரிலேயே இட்டுவைத்து நோக்கினார். கிளைகளின் மேல் எட்டு வெண்ணிற இதழ்களையுடைய பூக்கள் விரிந்தன. நீரைவிட்டு எடுத்ததும் குவிந்தன. பவளம் பூக்கும் செடியே என்பது ஐயமற உறுதிப்பட்டதாக அவர் மகிழ்ந்தார். அவர் கண்டது மெய். கொண்ட முடிவோ பிழை. பூவைக் கண்ட இடத்தில் செடியை நினைப்பது மனித இயல்பே அன்றோ?

மார்சிலியின் கருத்தை ஆய்ந்து திருத்தியவர் மார்சேய் நகரத்து மருத்துவராகிய பேசொனெல் என்பவர். 1723-ஆம் ஆண்டில் தம் ஊர்க் கடலிலும், 1725-இல் வட ஆப்பிரிக்கக் கரையிலும் அவர் பவளத்தை உயிரோடு ஆராய்ந்தார். பூவெனப்பட்டது தொட்டால் சுருங்கியது. உணவைப் பற்றும் கைகள் போல அதன் இதழ்கள் அசைந்தன. இறந்து அழுகியபோது விலங்கின் ஊன் அழுகும் நாற்றமே எழுந்தது. ஆகவே பவளத்தின் பூ என்பது பூவன்று, தன் வீட்டைத் தானே கட்டும் ஒரு சிற்றுயிர் என்று அவர் துணிந்து, பாரிசிலிருந்த அறிவியற் கழகத்துக்கு எழுதியனுப்பினார். அக்கழகத்தின் பெருந்தலைவர்களுள் ஒருவராய் விளங்கிய ரியோமூர் இக்கருத்தை ஏற்கவில்லை. 1727-ஆம் ஆண்டில் அதனைக் கழகத்தில் எடுத்துரைத்தபோது, எழுதியவர் நகைப்புக்கு இடமாகிவிடலாகாது என்று இரங்கி, அவர் பெயரையே சொல்லாது விட்டார். மெய்யைக் கண்டவனின் பெயரை மறைப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று கருதப்பட்ட விந்தை இது!

காலம் பேசொனெலின் பக்கம் நின்றது. 1740-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டில் பிரபு ஒருவரின் பிள்ளைகளுக்குக் கல்வி கற்பித்து வந்த டிரெம்பிளே என்பவர், குளத்து நீரில் வாழும் ஹைட்ரா என்னும் நுண்ணுயிரை ஆராய்ந்தார். செடி போல் தோன்றும் அவ்வுயிர் இரை பிடித்து உண்டது. இரண்டாக வெட்டினால் இரண்டு உயிர்களாகவே வளர்ந்தது. பல காலுடையது என்னும் பொருள்தரும் பாலிப்பு என்ற பெயர் அக்காலத்தில்தான் இத்தகைய உயிர்களுக்கு வழங்கத் தொடங்கியது. தாவர நூல் வல்லுநராகிய பெர்னார் டி ஜுசியே நார்மண்டிக் கடற்கரைக்குச் சென்று, அங்கிருந்த கடற்செடிகள் பலவும் விலங்குகளே என்று கண்டு வந்தார். இதன்பின் 1742-இல் ரியோமூர் தம் கருத்தை மாற்றிக்கொண்டு, பேசொனெல் கூறியதே சரி என்று வெளிப்படையாக எழுதினார். அதற்குள் பேசொனெல் கரீபியக் கடலிலுள்ள குவாதலூப் தீவில் மருத்துவராக வாழத் தொடங்கிவிட்டார். அவருடைய நீண்ட ஏட்டின் சுருக்கம் லண்டன் ராயல் கழகத்தின் வெளியீட்டில் 1753-ஆம் ஆண்டில் அச்சேறியது. 1759-இல் அவர் அத்தீவிலேயே மறைந்தார்.

பவளம் விலங்கு என்பது முடிந்தது. இனி, எத்தகைய விலங்கு, யாருக்கு யார் உறவு என்னும் வினா எழுந்தது. 1758-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் பெருநூலின் பத்தாம் பதிப்பில் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் உயிரினங்களுக்கெல்லாம் இரு சொற்பெயர் சூட்டினார். கற்பவளங்களை விலங்குலகில், புழுக்கள் என்னும் வகுப்பில் அவர் சேர்த்தார். ஆயினும் அவை அடங்கிய வரிசைக்கு அவர் இட்ட பெயரின் பொருள் கற்செடிகள் என்பதாகும். பழைய மயக்கம் பெயரளவில் எஞ்சி நின்றது. கற்பவளங்களுள் மிகப் பலவற்றை மாட்ரிபோரா என்னும் ஒரே பேரினத்துக்குள் அவர் அடக்கினார். காளான் வடிவப் பவளமும், மரம்போற் கிளைத்ததும், மூளைபோல் மடிந்ததும் அங்கே ஒரே வீட்டில் குடியிருந்தன. 1801-இல் பிரான்சு நாட்டு லமார்க் இக்கூட்டத்தைப் பிரித்துக் காளான் பவளத்துக்கு ஃபங்கியா என்று தனிப் பெயர் தந்தார். அதன்பின் பேரினங்கள் ஆண்டுதோறும் பெருகின.

அந்நாளில் ஐரோப்பாவின் காட்சிச் சாலைகளை வந்தடைந்தவை வெயிலில் காய்ந்து வெளுத்த எலும்புக்கூடுகளே. உயிரோடு அவற்றைக் கண்டவர்கள் கடற்பயணிகள் மட்டுமே. நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்போடு சென்ற சவிஞி என்னும் இயற்கை நூலார் செங்கடல் உயிர்களுக்கு நுட்பமான படங்கள் வரையச் செய்தார். அவற்றுக்கு விளக்கம் எழுதுமுன் அவருடைய கண்பார்வை கெட்டது. ஓதுவான் என்னும் இளையவர் 1826-இல் விளக்கத்தை எழுதி, அப்படங்களிலிருந்த பெரிய பாலிப்புடைய பவளம் ஒன்றுக்கு, அப்படையெடுப்பில் உடன்சென்ற ஜியோஃப்ராய் என்னும் அறிஞரின் பெயரை இட்டார். இன்று டிராக்கிஃபில்லியா ஜியோஃப்ராயி எனப்படுவது அதுவே. 1815 முதல் 1818 வரை ரூரிக் என்னும் ருஷ்யக் கப்பலில் உலகைச் சுற்றிய ஜெர்மன் கவிஞர் சமிஸோ, இன்று யூஃபில்லியா எனப்படும் பேரினத்தைச் சேர்ந்த பவளம் ஒன்றைத் தம் துணைவரோடு சேர்ந்து 1821-இல் அறிவித்தார். அஸ்ட்ரோலேப் என்னும் பிரெஞ்சுக் கப்பலில் சென்ற குவா, கைமார் என்னும் மருத்துவர்கள், நீண்ட உணர்நீட்சிகளோடு அலையும் பெரியதொரு காளான் பவளத்தைக் கண்டு, கடற்சாமந்தியின் வடிவினது என்றே 1833-இல் பெயரிட்டனர். உயிரோடு கண்டவர் இட்ட பெயர் என்பதை அப்பெயரே காட்டி நிற்கிறது.

1838 முதல் 1842 வரை அமெரிக்க அரசின் ஆராய்ச்சிக் கப்பல்களில் பசிபிக் கடலைச் சுற்றிய டேனா, பவளங்களைப் பற்றிய தம் பெருநூலை 1846-இல் வெளியிட்டார். யூஃபில்லியா என்னும் பேரினப் பெயர் அவர் தந்ததே. ஆயினும் பாகுபாட்டுக்கு உறுதியான இலக்கணம் வகுத்தவர்கள் பாரிசு நகரத்து மில்ன்-எட்வர்ட்ஸும் அவருடைய மாணவர் ஜூல் ஹெய்முமே. தகடுகள் எத்தனை, அவை எந்த ஒழுங்கில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன, அவற்றின் விளிம்பில் பற்கள் உண்டா இல்லையா, கிண்ணங்கள் தனித்தனியா, ஒன்றோடொன்று கலந்தனவா என்று நுணுகி நோக்கி, அவர்கள் குடும்பங்களை அமைத்தனர். அவர்களின் மூன்று தொகுதி நூல் 1857-இல் தொடங்கி 1860-இல் நிறைவுற்றது. நிறைவைக் காண ஹெய்ம் உயிரோடில்லை. 1856-ஆம் ஆண்டிலேயே, முப்பத்திரண்டு வயதில் அவர் காலமானார். அவர்கள் கொண்ட அளவுகோல் முழுவதும் எலும்புக்கூடே. கல்லாய்ப் போன பண்டைப் பவளங்களையும் இன்றைய பவளங்களையும் ஒரே முறையில் ஒப்பிட அது வாய்ப்பளித்தது. ஆகவே நூறாண்டுக்கு மேலாக அம்முறையே அரசு செலுத்தியது.

இம்முறையில் ஒரு பெரிய இடர்ப்பாடு மறைந்திருந்தது. பவளம் தான் வளரும் இடத்துக்கேற்பத் தன் உருவை மாற்றிக்கொள்வது. அலை மோதும் மேட்டில் தடித்துத் திரண்டு வளரும் இனமே, ஒளி மங்கிய ஆழத்தில் தட்டையாகப் பரவி வளரக்கூடும். காட்சிச் சாலையில் இரண்டையும் காய்ந்த நிலையில் காண்பவர் இரண்டு இனங்கள் என்றே எழுதுவர். இத்தொல்லை எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு ஹென்றி பெர்னார்டு என்பவரே சான்று. பிரிட்டிஷ் காட்சிச் சாலையின் பவளப் பட்டியலை எழுதிய அவர், 1903-இல் கோனியோபோராவைப் பற்றிய தொகுதியில், இன எல்லைகளைக் காண இயலாது என்று கைவிட்டு, லின்னேயஸ் வகுத்த இரு சொற்பெயர் முறையையே துறந்தார். எந்த இடத்தில் கிடைத்ததோ அவ்விடத்தின் பெயரையும் ஓர் எண்ணையும் மட்டும் ஒவ்வொரு மாதிரிக்கும் இட்டார். ஒருவகையில் இது தோல்வியே. எனினும், தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டாத நேர்மையும் அதில் உண்டு என்று நாம் கொள்ளலாம்.

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் அண்டை நாட்டுக்கும் பங்குண்டு. கற்பவளங்களுக்கு இன்று உலகெங்கும் வழங்கும் ஸ்கிளராக்டினியா என்னும் வரிசைப் பெயரை 1900-ஆம் ஆண்டில் தந்த போர்ன் என்பவர்தாம், இலங்கை முத்துக் குளிப்பைப் பற்றி ஆராய 1902-இல் சென்ற ஹெர்ட்மன் திரட்டிய தனிப் பவளங்களை ஆராய்ந்து அறிக்கை தந்தவர். லாகூர் அரசினர் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக விளங்கிய ஜார்ஜ் மத்தாய் என்னும் இந்திய அறிஞர், கிண்ணங்கள் தனித்தனியாக அமைந்த கூட்டுப் பவளங்களைப் பற்றி 1914-இல் விரிவான ஆராய்ச்சி வெளியிட்டார். எலும்புக்கூட்டை மட்டும் கொள்ளாமல், பாலிப்பின் மென்மையான உடலையும், அது பிளந்து பெருகும் முறையையும் சேர்த்துக் கருத வேண்டும் என்பது அவர் கொண்ட நெறி. கல்கத்தாவிலுள்ள இந்தியக் காட்சிச் சாலையின் பவளங்களைப் பற்றி 1924-இலும், மூளை போன்று மடிந்த பவளங்களைப் பற்றி 1928-இலும் அவர் எழுதிய நூல்களை ஆராய்ச்சியாளர் பின்னரும் நெடுங்காலம் போற்றினர். 1969-ஆம் ஆண்டு சனவரியில், நம் மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள மண்டபத்தில், பவளங்களையும் பவளப் பாறைகளையும் பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்கு நடைபெற்றது. இன்று உலகெங்கும் மாறி மாறி நடைபெறும் பவளப்பாறை மாநாடுகளுள் அதுவே முதலாவதாக எண்ணப்படுகிறது.

இதற்கிடையில், 1943-இல் வாகன், வெல்ஸ் என்னும் இரு அமெரிக்கர் கற்பவளக் குடும்பங்கள் அனைத்தையும் திருத்தி அமைத்தனர். 1956-இல் வெல்ஸ் அதனை மேலும் செப்பம் செய்தார். அந்த அமைப்பு ஏறத்தாழ அரை நூற்றாண்டு நிலைபெற்றது. அதன்பின் வந்தவர்கள் மூச்சுக் கருவியோடு நீருள் மூழ்கிப் பவளத்தை அதன் இடத்திலேயே காணும் வாய்ப்பைப் பெற்றனர். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாறையில் பல்லாண்டு மூழ்கி ஆராய்ந்த வெரான், ஒரே இனம் மேட்டிலும் சரிவிலும் ஆழத்திலும் எவ்வாறு உருமாறுகிறது என்பதைப் படிப்படியாகப் பின்தொடர்ந்து கண்டார். 1976 முதல் 1984 வரை வெளிவந்த கிழக்கு ஆஸ்திரேலியப் பவள நூல்களும், 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த உலகப் பவளங்கள் என்னும் மூன்று தொகுதிகளும் அவ்வுழைப்பின் பயன். பெர்னார்டு கைவிட்ட முடிச்சுகளுள் பல இவ்வாறு அவிழ்ந்தன. ஆயினும் இன எல்லைகள் தெளிந்த அளவுக்குக் குடும்ப உறவுகள் தெளியவில்லை.

அத்தெளிவைத் தரத் தொடங்கியது மரபணு ஆராய்ச்சி. 1996-ஆம் ஆண்டில் ரொமானோ, பலும்பி என்னும் இருவர் பல குடும்பங்களைச் சேர்ந்த பவளங்களின் மரபணுக்களை ஒப்பிட்டனர். கற்பவளங்கள் இரண்டு பெருங்கிளைகளாகப் பிரிந்து நிற்பதை அவர்கள் கண்டனர். அப்பிரிவு நிகழ்ந்து 24 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது என்பது அவர்கள் கணிப்பு. இதில் வியப்புக்குரியது யாதெனில், எலும்புக்கூட்டைக் கொண்டு வகுத்த பழைய பெரும்பிரிவுகளோடு இவ்விரு கிளைகளும் பொருந்தவில்லை. ஒரு பிரிவுக்குள் அடக்கப்பட்டவை இரண்டு கிளைகளிலும் சிதறிக் கிடந்தன. வெவ்வேறாக வைக்கப்பட்டவை ஒரே கிளையில் சேர்ந்து நின்றன.

பெரிய பாலிப்புடைய பவளங்களின் நிலையைக் கண்டால் இது நன்கு விளங்கும். பசிபிக், இந்தியக் கடல்களின் யூஃபில்லியாவும், நீர்க்குமிழிகளை அடுக்கி வைத்தாற் போன்ற பிளெரோகைராவும், அட்லாண்டிக் கடலின் யூஸ்மிலியாவும், பற்களற்ற பெரிய தகடுகளால் ஒன்றையொன்று ஒத்தவை. வாகனும் வெல்ஸும் அவற்றை ஒரே துணைக் குடும்பத்தில் வைத்தனர். மரபணுக்களோ வேறு கதை கூறின. யூஃபில்லியா ஒரு பெருங்கிளையையும், பிளெரோகைரா மற்றொரு பெருங்கிளையையும் சேர்ந்தவை. யூஸ்மிலியாவுக்கு உரிய சுற்றத்தார் அட்லாண்டிக் கடலிலேயே வேறு குடும்பமாக உள்ளனர். யூஃபில்லியாவுக்கு உண்மையில் நெருங்கிய உறவு, முன்பு வேறொரு குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த கலாக்ஸியா. அதன் பாலிப்புகளோ மிகச் சிறியவை. யூஃபில்லியா என்று ஒன்றாகக் கருதப்பட்ட பேரினமும் 2017-இல் பிரிக்கப்பட்டது. ஒரு பகுதி இனங்களில் ஒரே உயிரில் ஆண்மையும் பெண்மையும் அமைந்து, குஞ்சு தாயினுள்ளே வளர்கிறது. மற்றப் பகுதியில் ஆண் பெண் எனக் கூட்டங்கள் வெவ்வேறாக இருந்து, முட்டையும் விந்தும் கடலில் வெளியிடப்படுகின்றன. மரபணுவும் இவ்வேறுபாட்டை வழிமொழிந்தது.

கோனியோபோராவின் செய்தியும் இத்தகையதே. பூங்கொத்துப் போல நீண்டு ஆடும் அதன் பாலிப்பில் இருபத்துநான்கு உணர்நீட்சிகள் உண்டு. அதன் குடும்பத்து உறவாகிய போரைட்டிஸின் பாலிப்போ கடுகளவே உடையது. கோனியோபோராவைப் பெரிதும் ஒத்துப் பன்னிரண்டு உணர்நீட்சிகள் மட்டும் உடைய ஆல்வியோபோராவை அக்குடும்பத்திலேயே நெடுங்காலம் வைத்திருந்தனர். மரபணு ஆராய்ச்சி அதனை எடுத்து, மான் கொம்புப் பவளமாகிய அக்ரொபோராவின் குடும்பத்தில் சேர்த்தது. ஆகவே, பெரிய பாலிப்பு, சிறிய பாலிப்பு என்னும் பாகுபாடு வளர்க்கும் முறையைக் கூறுமேயன்றிக் குலத்தைக் கூறாது. நெட்டையர் எல்லாரும் ஒரு குடும்பத்தார், குட்டையர் எல்லாரும் மற்றொரு குடும்பத்தார் என்று ஓர் ஊரில் கணக்கெடுத்தால் எவ்வாறு இருக்குமோ, அவ்வாறே இதுவும்.

மற்றொரு முடிவு இவை எல்லாவற்றினும் பெரியது. உருண்டையான கூட்டங்களில் வட்டக் கிண்ணங்கள் நெருங்கி அமைந்த பவளங்களை ஃபேவியா என்னும் பேரினத்தில் வைத்து, அட்லாண்டிக்கிலும் இந்திய, பசிபிக் கடல்களிலும் ஒரே குலம் பரவியிருப்பதாக நூலார் எண்ணி வந்தனர். 2004-ஆம் ஆண்டில் ஃபுகாமியும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆராய்ச்சி அதனை மாற்றியது. அட்லாண்டிக்கின் ஃபேவியா, மூசா முதலியவை தமக்குள்ளேயே நெருங்கிய சுற்றம். பசிபிக்கில் அவற்றை ஒத்திருப்பவை வேறு சுற்றம். இரண்டும் 3 கோடியே 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை. 2012-இல் ஆன் பட்டும் உடன் ஆராய்ந்தோரும் குடும்பங்களைத் திருத்தி எழுதினர். ஃபேவியா என்னும் பெயர் அட்லாண்டிக் பவளத்துக்கே உரியதாயிற்று. நம் மன்னார் வளைகுடாவில் பழைய பட்டியல்களில் ஃபேவியா என்று காண்பவை இன்று டிப்சாஸ்டிரேயா என்னும் பெயரோடு வேறு குடும்பத்தில் உள்ளன. சவிஞியின் படத்தில் இடம்பெற்ற டிராக்கிஃபில்லியாவும் தன் தனிக் குடும்பத்தை இழந்து அக்குடும்பத்திலேயே புகுந்தது.

அப்படியாயின் இருநூறு ஆண்டுகளாக எலும்புக்கூடு பொய் சொல்லி வந்ததா? இல்லை என்பதே விடை. பட்டும் ஸ்டோலார்ஸ்கி என்னும் போலந்து அறிஞரும் கல் தகடுகளின் விளிம்பிலுள்ள பற்களையும், அவற்றுள் கல்லிழைகள் அடுக்கப்பட்டுள்ள முறையையும் உருப்பெருக்கிக் கருவிகளின் துணையால் ஆராய்ந்தனர். அந்நுண்ணமைப்பில் அட்லாண்டிக் பவளம் ஒருவகையாகவும் பசிபிக் பவளம் வேறுவகையாகவும் அமைந்து, மரபணு கூறியதற்கு இசைந்து நின்றன. கிண்ணம் பெரிதா, சிறிதா, வட்டமா, நீளமா என்பன வாழ்க்கைத் தேவையால் பல குலங்களில் தனித்தனியே தோன்றக்கூடியவை. அவற்றைக் கண்டதும் குலம் தெரிந்துவிட்டதாக நின்றுவிட்டதே பிழை. குலத்தின் அடையாளமும் அதே கல்லில்தான், இன்னும் நுண்ணியதாகப் பொறிக்கப்பட்டிருந்தது.

பெயர் எதுவாயினும் என்ன, பவளம் பவளந்தானே என்று சிலர் கேட்கலாம். பெயரில் பொருள் உண்டு. அட்லாண்டிக்கின் பவளங்கள் பசிபிக்கிலும் காணப்படும் குலத்தின் ஒரு கிளையே என்று எண்ணியவரை, அவை அழிந்தாலும் குலம் வேறிடத்தில் பிழைத்திருக்கும் என்று ஆறுதல் கொள்ள இடமிருந்தது. இன்று அவ்வாறுதல் இல்லை. அங்கே அழிவது வேறெங்கும் இல்லாத தனிக் குலம். 2014-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மயாமி நகரத்தை ஒட்டிய கடலில் கற்பவளங்களின் தசையை அரித்துத் தின்னும் கொடிய நோய் ஒன்று தோன்றி, புளோரிடாப் பாறைகள் முழுவதும் பரவி, கரீபியக் கடலின் பல நாடுகளையும் எட்டியது. மூளைப் பவளங்களும், யூஸ்மிலியாவும், தூண்போல் நிமிர்ந்து வளரும் டென்ட்ரோகைராவும் அதற்குப் பெரிதும் இரையாயின. புளோரிடாவில் தூண் பவளம் இனித் தானே இனம்பெருக்க இயலாத அளவுக்கு அருகிவிட்டது என்று 2021-இல் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். நோய் எட்டுமுன் எடுத்துக் காக்கப்பட்ட பவளங்கள் அமெரிக்க நாட்டின் பல நகரங்களிலுள்ள நீர்க்காட்சிச் சாலைகளில் வைத்து வளர்க்கப்படுகின்றன. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டில், புளோரிடா நீர்க்காட்சிச் சாலையின் தொட்டியிலேயே தூண் பவளம் முட்டையிட்டது. தொட்டியில் பவளம் வளர்ப்போரின் கைத்திறம், ஒரு குலத்தைக் காக்கும் திறமாக இங்கே பயன்பட்டது.

சட்டமும் பெயரையே பற்றி நிற்கிறது. அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பன்னாட்டு வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையில் கற்பவள வரிசை முழுவதும் 1990-ஆம் ஆண்டிலிருந்து இடம்பெற்றுள்ளது. இந்தியாவில் 2001-ஆம் ஆண்டில் அனைத்துக் கற்பவளங்களும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஒரு காலத்தில் மன்னார் வளைகுடாத் தீவுகளின் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் ஏற்றியவர்க்கு அது கல் மட்டுமே. சட்டம் அதனை உயிர் என்று கூறுகிறது. பேசொனெல் சொன்னதும் அதுவே. அவர் சொல்லைப் பாரிசுக் கழகம் ஏற்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. நம் கடற்கரை ஏற்க ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆயின.

இவ்வரலாற்றில் தவறியவர் எவரும் அறிவற்றவர் அல்லர். மார்சிலி கூர்ந்து நோக்கியவர், ரியோமூர் பேரறிஞர், மில்ன்-எட்வர்ட்ஸும் வெல்ஸும் தம் காலத்துக்கு இணையற்றவர்கள். தம் கைக்கு எட்டிய அடையாளத்தைக் கொண்டு அவர்கள் அளந்தனர். பின்வந்தோர் திருத்துவதற்கு ஏற்றவாறு தாம் கண்டதை உள்ளபடி எழுதி வைத்தனர். மத்தாய் உடலையும் கல்லையும் சேர்த்துப் பார்த்ததும், வெரான் நீருள் மூழ்கிப் பார்த்ததும், இன்றையோர் மரபணுவைப் படிப்பதும் ஒரே வழியின் தொடர்ச்சி. 2012-க்குப் பின்னும் பல குடும்பங்கள் மாறியுள்ளன; இனியும் சில பெயர்கள் மாறும். மாறுவதைக் கண்டு நாம் சலிப்புற வேண்டியதில்லை. எந்தக் கடலில் எந்தக் குலம் எத்தனை கோடி ஆண்டுகளாகத் தனித்து வாழ்ந்து வருகிறது என்பதை ஒவ்வொரு மாற்றமும் சற்று மேலும் தெளிவாகக் கூறுகிறது. எதனை இழந்தால் மீண்டும் பெற இயலாது என்று அறிந்தாலன்றி, எதனை முதலில் காக்க வேண்டும் என்பதையும் நாம் அறிய இயலாது.